பாதித் தலை

விக்கிரம சோழன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு, அதாவது 1121. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரிக்குத் தெற்கே இருக்கிற திருவாவடுதுறையில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அங்கிருந்த அறச்சாலையில் யாருக்கெல்லாம் சோறு போட வேண்டும் என்கிற ஏற்பாடு அது. அதில் மூன்று வகையான படிப்பாளிகள் வருகிறார்கள். ரூபாவதாரம் என்கிற இலக்கண நூலைப் படிப்பவர்கள், சரக சம்ஹிதை படிப்பவர்கள், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் படிப்பவர்கள். சோழர் கால மருத்துவம் என்றாலே எல்லோரும் திருமுக்கூடலுக்கு ஓடுவார்கள். வீரராஜேந்திரன் காலத்துப் பதினைந்து கட்டில் ஆதுரசாலை அங்கே இருந்தது, பெருமைதான். எனக்கென்னவோ திருவாவடுதுறைக் கல்வெட்டுதான் நெருக்கமாக இருக்கிறது. ஒன்று, அது எங்கள் டெல்டா. இரண்டு, அந்தப் பையன்கள் என்ன படித்தார்கள் என்று நாம் இன்றும் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடியும்.

பார்க்கலாம். அஷ்டாங்க ஹிருதயத்தின் உத்தர ஸ்தானத்தில் தலை நோய்களுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. அதில் அர்த்தாவபேதகம் என்று ஒரு வலி. அர்த்தம் என்றால் பாதி. பாதித் தலையைப் பிளப்பது. வாக்படர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தலையின் ஒரு பாதியில் வரும், பட்சத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ கிளம்பும், தானாகவே அடங்கும், மிஞ்சிப்போனால் கண்ணையோ காதையோ கெடுக்கும். இவ்வளவுதான். இதற்கு முந்தைய சுசுருதர் பத்து நாளுக்கு ஒருமுறை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் திடீரென்று என்கிறார், தலைசுற்றலையும் சேர்த்துக்கொள்கிறார். சரகரோ காரணங்களை அடுக்குகிறார். வறண்ட உணவு, தின்றது செரிக்கும் முன் மறுபடி தின்பது, கீழைக்காற்று, பனி, அதிக உழைப்பு, இயற்கை உபாதைகளை அடக்குவது.

இந்த வரிகளைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. வாக்படர் சொன்ன நான்கில் ஒன்றுதான் இடம். மற்றவற்றில் இரண்டு காலம்: எப்போது வரும், எப்படிப் போகும். ஆனால் பெயர் வைக்கும்போது இடத்தைத்தான் வைத்தார்கள். பாதி. எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் கழித்து நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். பட்சமும் மாதமும் கழன்று விழுந்துவிட்டன.

இது நம்மவர்கள் மட்டும் செய்த வேலை இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் இதை ஹெமிக்ரேனியா என்றார். அரை மண்டை. அந்தச் சொல்தான் லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய்த் தலையும் காலும் தேய்ந்து மைக்ரேன் ஆனது. அரபியிலும், அதன் வழியே யுனானியிலும் ஷகீகா. அதற்கும் பாதி என்றுதான் வேர். மலையாளத்தில் சென்னிக்குத்து. சென்னி, இங்கே நெற்றிப்பொட்டு. தமிழில் ஒற்றைத் தலைவலி, சில ஊர்களில் ஒருபக்கத் தலைவலி. இத்தனை மொழிகள் தனித்தனியாகவோ ஒன்றைப் பார்த்து ஒன்றோ ஒரே அடையாளத்தில் கையை வைத்திருக்கின்றன. பாதித் தலை மட்டும் வலிப்பது அவ்வளவு விசித்திரமான அனுபவம், மறக்க முடியாதது. ஆனால் மறக்க முடியாத அறிகுறியும் நம்பத் தகுந்த அறிகுறியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988ல் முதன்முறையாகத் தலைவலிகளை வகைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டது. இப்போது புழங்குவது 2018ல் வந்த மூன்றாம் பதிப்பு. அதன்படி மைக்ரேன் என்று சொல்ல, குறைந்தது ஐந்து முறையாவது அது வந்திருக்க வேண்டும். மருந்து போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்க வேண்டும். பிறகு நான்கு குணங்களில் இரண்டு: ஒருபக்கம் வலிப்பது, நாடி துடிப்பதுபோல் தெறிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலி இருப்பது, மாடிப்படி ஏறுவது போன்ற சாதாரண நடமாட்டத்தில் வலி கூடுவது. அதோடு குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும்; அது இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்காமல் போக வேண்டும். கடைசியாக, வேறு எந்த நோயாலும் இதை விளக்க முடியாது என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும்.

கவனியுங்கள், ஒருபக்கம் என்பது நான்கில் ஒன்று. அது இல்லாமலேயே மீதி மூன்றில் இரண்டைக் காட்டி மைக்ரேன் தேறிவிடும். இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேன்காரர்கள் ஏராளம். சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும்தான். "எனக்கு ஒத்தத் தலைவலி இல்லீங்க, தலை முழுக்க வலிக்குது" என்று சொல்லிப் பல வருஷம் சாதாரணத் தலைவலிக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பெயர் அவர்களை ஏமாற்றிவிட்டது.

சாதாரணத் தலைவலி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டென்ஷன் தலைவலி. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல் அழுத்தும், தெறிக்காது. மிதமாக இருக்கும், நடந்தால் கூடாது, வாந்தி வராது. முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்துவிடலாம். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு அசையாமல் கிடப்பார். என்னைக் கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் எளிதாகப் பார்க்கக்கூடிய வித்தியாசம் இதுதான். இன்னொன்றும் இருக்கிறது, கொத்துத் தலைவலி. அரிதானது. கண்ணைச் சுற்றி, எப்போதும் ஒரே பக்கம், கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை. அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், ஆள் படுக்க மாட்டார், கூண்டுப் புலிபோல நடப்பார். ஒற்றைத் தலைவலி என்ற பெயர் நியாயமாக இதற்குத்தான் பொருந்தும். பெயரை அது கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் மைக்ரேன் தெரியாது. ஸ்கேன் எடுப்பது வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. எங்கள் தொழிலில் சில பிழைகள் உண்டு. நாம் பார்க்கும்போது வராது, வாடிக்கையாளர் திரையில் மட்டும் வரும். அதைப் பிடிக்க லாக் ஒன்றுதான் வழி. எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எப்போது தானாகச் சரியானது. மைக்ரேனுக்கும் நோயாளி சொல்கிற கதை மட்டும்தான் ஆதாரம். அதனால்தான் பட்சமும் மாதமும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அஷ்டாங்க ஹிருதயத்தின் அதே அத்தியாயத்தில் இன்னொரு வலி இருக்கிறது. சூரியாவர்த்தம். சூரியன் எழும்போது எழுந்து, நெற்றிப்பொட்டிலும் கண்ணிலும் புருவத்திலும் துடித்து, உச்சிப்பொழுது வரை ஏறும். பசியோடு இருப்பவருக்கு விசேஷமாக வரும் என்று வாக்படர் சேர்க்கிறார். பசி. இன்றைக்கு மைக்ரேனைத் தூண்டுபவை என்று எந்த மருத்துவர் பட்டியல் போட்டாலும் சாப்பாட்டைத் தவறவிடுவது அதில் இருக்கும். வெயிலும் தூக்கக் கேடும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.

டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை. நாற்றுப் பறித்து நடவு நடும்போது பெண்கள் விடிகாலையில் வயலில் இறங்குவார்கள். குனிந்தபடி வேலை, முதுகில் வெயில், கீழே தேங்கிய தண்ணீரிலிருந்து கண்ணில் அடிக்கிற பளபளப்பு. வரப்பில் தூக்குவாளியில் பழையது இருக்கும், ஆனால் ஒரு பாத்தி முடியாமல் யாரும் கரையேற மாட்டார்கள். வாக்படர் சொன்ன சூரியாவர்த்தத்துக்கு இதைவிடச் சரியான பட்டறை கிடையாது. சாயங்காலம் "வெயில் தலைவலி" என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள். அதில் எத்தனை வெறும் வெயில், எத்தனை மைக்ரேன் என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் யாரும் இரண்டு கேள்வி கேட்டதில்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் பெங்களூரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். 2015ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நான்கில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகச் சுமை. உலகம் முழுக்கவே இரண்டு மூன்று பங்கு அதிகம்.

மாதத்துக்கு ஒருமுறை என்று வாக்படர் எழுதியதன் காரணமும் இங்கேதான் இருக்க வேண்டும். மாதவிடாய்க்கு ஒன்றிரண்டு நாள் முன்பு ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்குகிறது. அது மைக்ரேனைக் கிளப்பும். பாடம் கேட்டது ஆண்பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் சூத்திரத்துக்குள் வந்திருக்கிற அந்த மாசக் கணக்கை யாரோ சில பெண்கள் யாரோ ஒரு வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

திருவாவடுதுறையிலிருந்து ஏழு நூற்றாண்டு தாண்டி, மேற்கே தஞ்சாவூர் அரண்மனைக்கு வருவோம். இரண்டாம் சரபோஜி 1798ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆள நாடு இல்லாத ராஜா படிக்க ஆரம்பித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாம் ஒரே கூரையில். அங்கே கைகண்ட முறைகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதவைத்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அவற்றைச் சரஸ்வதி மகால் பின்னாளில் பல தொகுதிகளாக அச்சிட்டது. அவருக்குக் கண் மருத்துவத்தில் தனிப் பித்து. கண்புரை அறுவை செய்த நோயாளிகளின் குறிப்புகள், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுடையவை, இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. கூடவே நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்கள். தஞ்சாவூர் ஓவியன் தங்க ரேக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் புரை விழுந்த கண்ணைப் பார்த்து வரைந்திருக்கிறான். என் பார்வையில் அந்த அரண்மனையின் மிகப் பெரிய சொத்து அதுதான்.

தலைவலிக் கட்டுரையில் கண் எதற்கு என்றால், மைக்ரேன்காரர் முதலில் போய் நிற்கிற வாசல் அன்றும் இன்றும் கண் வைத்தியருடையது. "கண்ணுல பவர் இருக்கும், காட்டிட்டு வா." மைக்ரேன்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஒரு காட்சி தோன்றும். பார்வையின் நடுவில் ஒரு சிறு பொட்டு மறையும். அதன் விளிம்பில் பளிச்சிடுகிற வளைகோடு, பல் பல்லாக, பட்டணத்தைச் சுற்றிய கோட்டை மதிலை மேலிருந்து பார்ப்பதுபோல. அது மெல்ல விரிந்து இருபது முப்பது நிமிஷத்தில் ஓரத்துக்குப் போய்க் காணாமல் போகும். பிறகு வலி. இதற்கு ஆரா என்று பெயர். கண்ணை மூடினாலும் தெரியும், ஏனென்றால் அது கண்ணில் நடப்பதில்லை. சரபோஜியின் ஓவியன் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அந்த நோயாளியின் கண்ணில் ஒன்றும் தென்பட்டிருக்காது.

அதை வரைய நோயாளியே ஓவியனாக இருக்க வேண்டும். அது 1870ல் நடந்தது. ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தனக்கு வருகிற ஆராவைத் தானே படிப்படியாக வண்ணத்தில் வரைந்து ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். அவருடைய அப்பா, வானியலாளர் ஜார்ஜ் ஏரிக்கும் அது உண்டு. மகன் அதற்கு வைத்த கிரேக்கப் பெயருக்குப் பொருள் 'மதில் காட்சி'. 1941ல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் ஆரா விரிகிற வேகத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வந்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து போகிறது என்று கணக்குப் போட்டார். வெறும் காகிதமும் பென்சிலும். மூன்று வருஷத்தில், 1944ல், ஆரிஸ்தீடஸ் லியாவோ என்ற பிரேசில்காரர் முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊரும் ஒரு மின் அடக்க அலையைக் கண்டுபிடித்தார். அவர் தேடியது வலிப்பு நோயை. இரண்டும் ஒன்றுதான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. மைக்ரேன் என்பது ரத்தக்குழாய் வீங்குவது இல்லை, பித்தம் தலைக்கேறுவதும் இல்லை, மூளையின் நரம்பு வேலை என்று தெளிவானது இந்த வழியில்தான்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பது ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவலி வரும். "தலையில நீர் கோத்துக்கிச்சு தம்பி" என்று சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். வாய்க்கால் கரையில் நொச்சிக்குப் பஞ்சம் இல்லை, கொதிக்கவைத்து ஆவி பிடிக்கும். நகரத்தில் ஒரு மருத்துவர் அதையே இங்கிலீஷில் சைனஸ் என்று சொல்லி ஐந்தாறு வருஷம் மாத்திரை எழுதினார். நீர் கோத்தல் சைனஸாகப் பெயர் மாறியதைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருமா? வரும். மும்பையில் தலைவலிக்கென்றே மருத்துவமனை நடத்திய கே. ரவிசங்கர், குளித்த தலையால் மைக்ரேன் தூண்டப்படுகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் 'செஃபலால்ஜியா' இதழில் எழுதினார். நீண்ட கூந்தலும் அதை முழுக்க நனைக்கும் வழக்கமும் இருக்கிற ஊரிலிருந்துதான் இப்படி ஒரு கட்டுரை போக முடியும். ஆக அம்மா கவனித்தது சரி. விளக்கம்தான் வேறு. மண்டைக்குள் நீர் எதுவும் கோக்கவில்லை. எளிதில் கிளர்ந்துவிடுகிற ஒரு மூளைக்கு ஈரமும் குளிர்ச்சியும் ஒரு தூண்டல், அவ்வளவே. சைனஸ் விவகாரமும் அப்படித்தான். முகத்து நரம்பு கிளர்ந்தால் மைக்ரேனிலேயே மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும். 2004ல் அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்ன, அல்லது டாக்டர் சொன்ன, 2,991 பேரை உட்காரவைத்து விவரம் கேட்டார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை. உண்மையான சைனஸ் அழற்சி என்றால் காய்ச்சலும் கெட்டியான சளியும் கூட வரும். பட்சத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்து வந்துவிட்டு மறுநாள் மாயமாகாது.

ஐடி கம்பெனிகளில் எங்களுக்கு இது சனிக்கிழமை வரும். ஐந்து நாள் ஆறு மணி நேரத் தூக்கம், சனிக்கிழமை பத்து மணி நேரம். தினமும் ஏழரைக்குக் குடிக்கிற காபி அன்று பதினொன்றுக்கு. அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல், எனக்கு விடுமுறை. மூளைக்கு மாற்றம்தான் பிடிக்கவில்லை. காபியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. திருவாவடுதுறைப் பையன்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கும்பகோணம் டிகிரி காபி பிறந்த மண்ணில் சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருந்து சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்குப் பசி பாதி, காபி பாதி. யூதர்களின் யோம் கிப்பூர் விரதத் தலைவலியைப் பற்றி மருத்துவ ஆய்வே இருக்கிறது. நம் ஏகாதசிக்கும் யாராவது செய்யலாம்.

வலிக்கு என்ன போட்டார்கள்? 1893ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். 1914ல் கம்பெனி சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் பூங்காவாக இருக்கிறாரே, அவர்தான். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்று சொல்வார்கள். தைலம் நோயைத் தொடாது, ஆனால் கெடுதலும் செய்யாது. மாத்திரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ரை தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து 1918ல் ஆர்தர் ஸ்டோல் எர்கோட்டமைனைப் பிரித்தெடுத்தார். மைக்ரேனுக்கு அது பல பத்தாண்டுகள் ராஜ மருந்து. நம் வயலில் அந்தப் பூஞ்சையின் தாயாதி ஒன்று உண்டு, நெற்பழ நோய். மஞ்சள் உருண்டை கதிரில் தொங்கினால் லட்சுமி வந்துவிட்டாள், மகசூல் கொழிக்கும் என்பார்கள். அதில் எர்கோட்டமைன் தேடி யாரும் கிளம்ப வேண்டாம். எர்கோட்டமைனோடு காபியும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை இன்றும் மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாகப் போகிறது. 1991ல் சுமாட்ரிப்டான் வந்த பிறகும் போகிறது.

இதில்தான் குழி. எர்கோட்டமைன், டிரிப்டான், கலவை மாத்திரைகள் மாதத்தில் 10 நாளும் அதற்கு மேலும், சாதாரண வலி மாத்திரை 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பட்சத்துக்கு ஒருமுறை வந்தது வாரத்துக்கு மூன்று என்றாகி, தினமும் என்றாகும். காலம் குழம்பிப்போகும்; மைக்ரேனின் அடையாளமே அழிந்து, எந்தத் தலைவலி எது என்று டாக்டருக்கும் தெரியாது. அம்மாவின் வெள்ளிக்கிழமை அப்படித்தான் செவ்வாயாகி, ஞாயிறாகி, எல்லாக் கிழமையுமானது. வெளியே வர, முதலில் மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரம் வலி இன்னும் மோசமானது. அது எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம்.

தடுப்பு மருந்து என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. வலி வரும்போது போடுவது அல்ல, வராமல் இருக்கத் தினமும் போடுவது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் மைக்ரேன் படுத்தினால் அதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். பிரப்ரனலால் இதய மருந்து. 1966ல் நெஞ்சுவலிக்கு அதைச் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு மைக்ரேனும் குறைந்ததைக் கவனித்ததில் தொடங்கியது அந்த உபயோகம். விலை குறைவு, ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின், ஃப்ளுனாரிசின், டோபிரமேட் என்று வேறு சிலவும் உண்டு. வால்ப்ரோயேட் வேலை செய்யும், ஆனால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது, கருவைக் கெடுக்கும். சி.ஜி.ஆர்.பி. என்ற நரம்புப் புரதத்தைக் குறிவைக்கிற ஊசிகள் 2018லிருந்து வந்திருக்கின்றன. அந்தப் புரதத்துக்கும் மைக்ரேனுக்கும் உள்ள தொடர்பைத் துலக்கிய நான்கு பேருக்கு 2021ல் மூளைப் பரிசு கிடைத்தது. விலைதான் இன்னும் டெல்டாவுக்கு எட்டவில்லை. மருந்தில்லாத தடுப்பு, கேட்பதற்கு அலுப்பானது: ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுவது, சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது, தண்ணீர், கண் கூசாமல் தொப்பியோ முக்காடோ. எண்ணெய்க் குளியலை விடச் சொன்னால் அம்மா கேட்காது. கேட்கவும் வேண்டாம், தலையைச் சீக்கிரம் துவட்டிச் சாம்பிராணி காட்டி உலர்த்துகிறது.

ஒரு சில தலைவலிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வாழ்க்கையிலேயே இல்லாத வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ புதிதாக வருவது. இவற்றுக்கு நாள் குறிக்கக் கூடாது, வண்டி பிடிக்க வேண்டும். ஆரா வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், பக்கவாத அபாயம் கூடும். புகைத்தால் இன்னும் கூடும்.

மற்றபடி எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பதுதான் தொடக்கம். செல்போனில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன, நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன். அம்மா அதைத் தொடவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் பென்சிலால் குறிக்கிறது: வலி வந்தால் ஒரு கோடு, வாந்தி என்றால் குறுக்கே இன்னொன்று, மாத்திரை போட்டால் ஒரு புள்ளி. குளித்த நாளுக்கு "கு". ஆறு மாதத் தாள்களைக் கிழித்துச் சுருட்டி டாக்டரிடம் எடுத்துப் போனோம். அவர் மேஜையில் விரித்து வைத்துக் கோடுகளை எண்ணினார். கட்டத்துக்குக் கட்டம் மூலையில் சின்ன எழுத்தில் வளர்பிறை, தேய்பிறை என்று பட்சம் அச்சாகியிருந்தது.